உப்பு போட்ட ஐஸும் ஒரு கையெழுத்தும்

"நீயே எழுதிட்டு வா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று கியெம் சார் சொன்னபோது லுவாவுக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தத் துறைமுக ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பரிந்துரைக் கடிதத்தைத் தாங்களேதான் எழுதிக்கொள்வார்கள். வாத்தியாருக்கு இங்கிலீஷ் வராது. வந்தாலும் மாணவனைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கப் பொழுது இருக்காது.

போன வருடமும் அவள் அப்படித்தான் எழுதினாள். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தில் தன் பெயரைச் செருகி, உழைப்பாளி, பணிவானவள், தலைமைப் பண்பு உள்ளவள் என்று அடுக்கினாள். சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கொரியாவின் தென்கரையில் இருந்த பல்கலைக்கழகம் வருந்துகிறோம் என்று மெயில் அனுப்பியது. அதையாவது படித்துவிட்டு அனுப்பினார்களா என்று தெரியவில்லை.

குயி ஞோன் நகரத்தில் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கும் த்ராம் அக்கா இந்த முறை போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"தங்கச்சி, பேரை மறைச்சுட்டுப் படிச்சா இது உன்னைப் பத்தினதுன்னு உங்கம்மாவுக்கே தெரியாது. மார்க் எல்லார்கிட்டயும்தான் இருக்கு. பக்கத்துல இருந்து பாத்தவர் உன்கிட்ட என்னத்தைப் பாத்தாருன்னு அவங்களுக்குத் தெரியணும். பொய் மட்டும் எழுதிடாதே. சில சமயம் வாத்தியாருக்கே மெயில் போட்டுக் கேப்பாங்க."

அம்மாவுக்கு வேறு கணக்கு. மீன் பிரிக்கும் மேடையில் சூரை மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டபடியே சொன்னாள்: "ஜப்பானுக்கு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் வெள்ளிக்கிழமை வர்றான்டி. அதுக்குள்ள உன் கடிதாசி போகலேன்னா நான் சரின்னு சொல்லிருவேன். இங்க ஐஸ் குளிருல அறுக்கிற மீனை அங்க போய் அறு. கையுறையாவது நல்லதா குடுப்பான்."

மீன் தொழிற்சாலை ஒப்பந்தம் கேவலமான வேலை ஒன்றும் இல்லை. தெருவில் பாதி மாடிவீடுகள் அந்தப் பணத்தில் எழும்பியவைதான். ஆனால் மீன் ஏன் கெடுகிறது, எப்படி வைத்தால் கெடாது என்று தெரிந்துகொள்ள லுவாவுக்கு ஆசை. காலமெல்லாம் அறுத்தாலும் அது தெரியப்போவதில்லை.

கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். கியெம் சாரின் தலைக்குள் புகுந்து தன்னைப் பார்க்க வேண்டும். என்ன தெரியும் இந்த மனுஷனுக்கு என்னைப் பற்றி? மூன்று வருடம் வகுப்பாசிரியர், எடுத்தது புவியியல். யோசிக்க யோசிக்க ஒரே ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

பதினோராம் வகுப்பில் இயற்பியல் டீச்சர் பேறுகால விடுப்பில் போனபோது அந்த வகுப்பையும் கியெம் சார் தலையில் கட்டினார்கள். ஐஸ் உருகுவதைப் பற்றிப் பாடம். உப்புப் போட்டால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்றார். லுவா எழுந்து, "இல்ல சார், எங்க மாமா படகுல ஐஸ் மேல உப்புத் தூவுவாரு. அப்பத்தான் அது தாங்கும்பாரு" என்றாள். வகுப்பு சிரித்தது. "நான் சொல்றது புத்தகம், நீ சொல்றது படகு" என்று சொல்லி அவளை வெளியே நிறுத்தினார். அதற்குப் பிறகு பள்ளி முடியும்வரை அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த வருஷம் அவள் செய்த ஒரு காரியம் சாருக்குத் தெரியாது. மேடைக்குப் பின்னால் இரண்டு தெர்மாகோல் பெட்டிகளில் ஒரே அளவு நொறுக்கிய ஐஸ் போட்டு, ஒன்றில் உப்புத் தூவி வைத்தாள். முதல் தடவை படகுக்காரர்கள் பீருக்குப் போட்டுக்கொள்ள உப்புப் பெட்டியிலிருந்தே அள்ளிவிட்டு, வாயில் வைத்ததும் துப்பி, அவள் குலத்தையே திட்டினார்கள். மறுபடி வைத்தாள். மறுபடியும் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் உப்புப் போட்டதுதான் முதலில் தண்ணீரானது. மாமா சொன்னது தப்பு, சார் சொன்னது சரி. ஆனால் உப்புப் பெட்டிக்குள் கைவிட்டால் விரல் செத்துப்போகிற குளிர். அதில் வைத்த மீனும் கல்லாக இறுகியது. சீக்கிரம் உருகுகிறது, ஆனாலும் கூடுதலாகக் குளிர்கிறது. இது எப்படி?

சாரிடம் போய்ச் சொல்லவில்லை. நீங்க ஜெயிச்சுட்டீங்க என்று அவர் வாசலில் போய் நிற்க வேண்டுமா என்ற ஆத்திரம்.

அதைத்தான் இப்போது எழுதினாள். "வகுப்புக்கு இடையூறு செய்ததால் இவளை வெளியே நிறுத்தினேன். இவள் சோதித்துப் பார்த்து, நான் சொன்னதே சரி என்று கண்டாள். கூடவே நான் சொல்லாத ஒன்றையும் கண்டாள்."

வெள்ளிக்கிழமை மதியத் தூக்கம் முடிகிற நேரம் பார்த்து, உலர்ந்த கணவாய் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனாள். சார் பனியனோடு கொண்டைக்குருவிக் கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? எங்க போடணும்?" பேனாவை எடுத்து, தாளின் அடியில் முனையை வைத்துவிட்டார்.

ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும், வேலை முடிந்துவிடும். ஆனால் இந்த மனுஷர் தன்னைப் பற்றி என்னதான் நினைத்தார் என்பது இந்த ஜென்மத்தில் தெரியாமல் போய்விடும்.

"சார், என்ன எழுதியிருக்கேன்னு சொல்லிடட்டுமா?"

"நல்லதாத்தானே எழுதியிருப்பே?"

"உங்களைப் பத்தியும் இருக்கு சார்."

பேனா நின்றது. அவள் வரி வரியாகச் சொன்னாள். வெளியே நிறுத்திய இடம் வந்தபோது அவர் கூண்டைப் பார்த்தார். சோதனை வந்தபோது திரும்பினார்.

"இரு இரு. நான் சொன்னதா சரி?"

"ஆமா சார்."

"உப்புப் போட்டா சீக்கிரம் உருகுதா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க!"

"சொன்னேன். எனக்கு எங்க தெரியும்?" சார் நாற்காலியில் சாய்ந்தார். "நான் ப்ளேக்கு மலைக்காரன். கடலை வரைபடத்துல நீலமாப் பாத்து வளந்தவன். நீ எந்திரிச்சுப் படகு, மாமான்னதும் நீதான் சரியா இருப்பேன்னு பட்டுச்சு. அதான் வெளிய அனுப்பினேன். இந்த ரெண்டு வருஷமா உன்னைப் பாத்தாலே வேற பக்கம் திரும்பிக்குவேன்."

லுவாவுக்கு நம்பவே முடியவில்லை. "போன்ல தேடியிருந்தா தெரிஞ்சிருக்குமே சார்."

"தேடி, நீதான் சரின்னு வந்துட்டா? தேடாம இருந்தா எனக்கும் தோல்வியில்ல, உனக்கும் தோல்வியில்ல."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு தாளைத் தட்டினார். "இடையூறுன்னு எழுதியிருக்கியே, அது பொய். மெயில் போட்டுக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அப்ப என்ன சார் போடறது?"

"எனக்குப் பதில் தெரியாததால..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். "ஹெட்மாஸ்டர் முத்திரை குத்தறதுக்கு முன்னாடி படிப்பாரே."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா சார்?"

"என்னைவிட மோசம்." சார் சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, கடையில மாத்தி அடிச்சுடலாம். கணவாயை அப்புறம் சுட்டுத் தின்னுக்கலாம், அதை அடுப்பங்கரையில வை."

அவருடைய ஸ்கூட்டரிலேயே போனார்கள். பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் லுவா தட்டச்சு செய்ய, சார் பின்னால் நின்று, தெரியாத சொற்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"இது என்ன?"

"எனக்குப் பதில் தெரியாததால் வெளியே நிறுத்தினேன்."

"'அன்னைக்குத் தெரியாததால்'னு போடு. ஒரேயடியா ஒண்ணும் தெரியாதவன் மாதிரி இருக்கு."

போட்டாள். "கடைசி வரி சார். உப்பு போட்டா சீக்கிரம் உருகியும் ஏன் கூடக் குளிருதுன்னு இவ கேக்கிறா. அதோட விட்டுட்டேன்."

"ஏன் குளிருது?"

"எனக்கும் அரைகுறையாத்தான் சார் புரியுது. உங்களுக்கு?"

கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாசலில் ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்டத் துறைமுகத்துக்குப் போனது. சார் அது தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த 'அன்னைக்கு'ங்கறதை எடுத்துரு" என்றார். "தெரியாதுன்னே இருக்கட்டும்."

கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டார். ஹெட்மாஸ்டர் தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி முத்திரை குத்தினார். லுவா கடிதத்தை அங்கேயே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு மேடைக்கு ஓடினாள். ஏஜென்ட் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனிடம், "அடுத்த மாசம் வா தம்பி" என்றாள்.

அடுத்த மாதம் அவன் வருவதற்குள் கொரியாவிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வணக்கம் சொன்னார். மார்க்கைப் பற்றியோ தலைமைப் பண்பைப் பற்றியோ அவர் வாயே திறக்கவில்லை.

"உங்க சாருக்கு இப்பவாவது தெரிஞ்சுதா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லை மேடம்" என்றாள் லுவா. "ஆனா இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை துறைமுகத்துக்கு வந்து எங்க பெட்டிக்குள்ள கையை விட்டுப் பாக்கிறாரு."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எவ்வளவு உப்புப் போட்டே? முதல்லேருந்து சொல்லு."