போர்வை போர்த்திய மேஜை

குப்பைக்கு எதற்குப் போர்வை? போஸ்ட்மாஸ்டரின் மனதை அரித்தது இந்தக் கேள்விதான்.

வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் தெருவில் அவர் போஸ்ட்மாஸ்டர்தான். மகன் வீட்டுக்குப் புது வர்ணம் அடித்து, புது மேஜை நாற்காலிகளுக்கும் சொல்லிவைத்திருந்தான். பழையதை அப்புறப்படுத்த மருமகள் ஒரு கம்பெனியைப் பிடித்தாள். ஊர்க் கோடியில் கொட்டகை போட்டு நடத்துகிறார்களாம். எதையும் எரிக்கமாட்டார்களாம், பள்ளம் கண்ட இடத்தில் கொட்டமாட்டார்களாம். உருப்படியானதைச் செப்பனிட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இரும்பு, பஞ்சு, கண்ணாடி என்று பிரித்து அதது போகவேண்டிய இடத்துக்கு அனுப்புவார்களாம். மருமகள் பாடம் மாதிரி ஒப்பித்தாள். யார் சொன்னது என்று கேட்டார். எதிர்வீட்டு டீச்சர் என்றாள். அவருடைய முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது.

எதிர்வீட்டின் இரும்புக் கேட்டில் வட்டத்துக்குள் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். டீச்சரின் தாத்தா நடத்திய ஜவுளிக்கடையின் முத்திரை அது. கடை முழுகியபோது அந்த வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போனதாகப் பேச்சு. போஸ்ட்மாஸ்டரின் அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதைச் சொல்லாத நாளில்லை. "வீட்டை வித்துத் தின்னவங்க. நம்ம வீட்ல யாரும் அடுத்தவன் நாற்காலியில உட்கார்ந்ததில்ல, தெரிஞ்சுக்கோ" என்பார். அந்தப் பெரிய தேக்கு மேஜையின் அடியில் கறுப்புப் பட்டை பூசி, அதன்மேல் வெள்ளையில் குடும்பப் பெயரை அவரே எழுதியிருந்தார்.

போஸ்ட்மாஸ்டரின் பயமெல்லாம் அந்தப் பெயர்தான். நாளைக்கே மேஜை எவன் கடையிலோ நிற்கும். எவனோ குனிந்து பார்ப்பான். அந்த வீடும் சாமானை விற்க ஆரம்பித்துவிட்டதா என்று வாய்க்கு வாய் பேசுவார்கள். அப்பா கட்டிக்காத்த மானம் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடும்.

கம்பெனியின் முதலாளியம்மா தானே லாரி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். போஸ்ட்மாஸ்டர் மேஜையைக் காட்டி, இதை இங்கேயே கோடாலி போட்டு உடைத்து எடுத்துப்போகச் சொன்னார். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, மேஜையின் அடியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். குப்பை அள்ள வந்தவளுக்கு அடியில் என்ன வேலை என்று அவருக்குச் சுருக்கென்றது.

"இதை உடைக்க மனசு வராதுங்க ஐயா. இன்னும் ரெண்டு தலைமுறைக்குத் தாங்கும். பேர்தான் கவலைன்னா, வழிச்சு எடுத்துடறேன். நாளைக்கு வந்து கண்ணால பாருங்க."

மகனும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டான். அவள் மேஜைக் கால்களுக்குப் பழைய துணியைச் சுற்றி, மேலே போர்வையையும் போர்த்தி, நோயாளியை ஏற்றுவதுபோல லாரியில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு எதிர்வீட்டுக் கேட்டில் நின்று டீச்சரிடம் ஏதோ சிரித்துப் பேசினாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் கூட்டு. மேஜை சுற்றி வளைத்து எதிர்வீட்டுக் கூடத்துக்குத்தான் போகப்போகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் டீச்சர் அடியைக் காட்டிச் சிரிக்கப்போகிறாள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துக் கொட்டகைக்குப் போனார். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றிருந்தவருக்கு உள்ளே பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மூலையில் மெத்தைகளைக் கிழித்துப் பஞ்சைத் தனியே குவித்திருந்தார்கள். தாமிரக் கம்பிகள் சுருள் சுருளாகத் தொங்கின. நடுவில் அவர் மேஜை கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. முதலாளியம்மா உப்புத்தாளால் அடிப்பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னபடி உங்க பேரு போயிடுச்சு ஐயா. ஆனா அடியில இன்னொண்ணு இருக்கு. சூட்டுக்கோல் வச்ச குறி. இது தேய்ச்சாப் போகாது."

குனிந்து பார்த்தார். கறுப்புப் பட்டை இருந்த இடத்தில், மரத்தில் கருகிப் பதிந்த ஒரு வட்டம். வட்டத்துக்குள் கத்தரிக்கோல்.

முதலில் அவள்தான் வேண்டுமென்றே சுட்டுவைத்தாளோ என்று சந்தேகப்பட்டார். விரலால் தடவினார். குறியின் பள்ளத்தில் அப்பா பூசிய கறுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சூடு முந்தியது, பூச்சு பிந்தியது. அடுத்தவர் வீட்டிலிருந்து வாங்கிய மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே அவர்களை ஏளனம் பண்ணியிருக்கிறார் அப்பா. எதிரே உட்கார்ந்து இவரும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்.

அவளுக்கு அந்தக் குறி யாருடையது என்று தெரியவில்லை. வேண்டுமானால் மேலே ஒரு பலகை அடித்து மூடிவிடலாம், யார் கண்ணிலும் படாது என்றாள். அதைத்தானே அப்பா செய்தார் என்று தோன்றியது. வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இதை யாருக்கும் கொடுத்துடாதீங்கம்மா. ஆள் அனுப்புவாங்க."

ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தார். பிறந்ததிலிருந்து தாண்டாத கேட்டின் முன் நின்று தொண்டையைச் செருமினார். டீச்சர் எட்டிப் பார்த்து, புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன சார், வழி தவறிட்டீங்களா? எதிர்ல இருக்கு உங்க வீடு."

"உங்க மேஜை கொட்டகையில இருக்கும்மா. ஆள் அனுப்பி எடுத்துக்குங்க."

"எங்க மேஜையா? எங்க வீட்ல எங்க சார் மேஜை இருந்துச்சு?"

"இருந்துச்சு. அடியில பாருங்க, தெரியும். யார் கேட்டாலும் காட்டுங்க, பரவாயில்ல."

முதுகை நிமிர்த்திக்கொண்டு தெருவைக் கடந்தார்.

வீட்டில் காலியான கூடத்தின் நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. புதுச் சாமான் வரும்வரை சமாளிக்க எதிர்வீட்டில் கேட்டு வாங்கி வந்ததாக மருமகள் பயந்து பயந்து சொன்னாள். போஸ்ட்மாஸ்டர் நாற்காலியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து, சோறு போடச் சொன்னார்.