படகு நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

என் தம்பி ட்ரோல்ஸ் கோபன்ஹேகனில் பெரிய வேலை பார்க்கிறான். இணையத்தில் எந்த விளம்பரத்தை எந்தப் பக்கத்தில், எந்த ஓரத்தில் வைத்தால் சனங்கள் தடுமாறுவார்கள் என்று முடிவு செய்கிற வேலை. இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், தலைக்கனத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

அம்மா விட்டுப்போன மரவீடு எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி. ஒரு சின்னத் தீவில் இருக்கிற அதில் குடியிருப்பவள் நான். வசந்தத்தில் வந்தவன் நான் வைத்த ஹெர்ரிங் மீனை இரண்டு தட்டு தின்றுவிட்டு ஆரம்பித்தான்.

"வித்துடலாம்க்கா. எனக்கு என் பங்கு வேணும்."

"நான் என்ன, கடல்ல போய்ப் படுக்கணுமா? முடியாது, போடா."

"நீயே ஒருநாள் விக்கலாம்னு சொல்லுவே பாரு."

"யாரு, நானா? உன் விளம்பரத்தை எல்லாம் நான் கண்ணெடுத்தும் பாக்கமாட்டேன்."

"பாக்கவே வேணாம்க்கா. ஓரமா இருந்தாப் போதும்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

எங்கள் தீவில் காலையில் எழுந்ததும் எல்லோரும் கைபேசியில் பார்ப்பது படகு நேரத்தைத்தான். காற்றடித்தால் படகு கிடையாது; படகு இல்லையென்றால் பாலும் இல்லை, பல் வைத்தியரும் இல்லை. அந்தக் கோடையில் நேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. ஈரம் பூத்த ஒரு சுவர், கீழே 'மரவீட்டில் இருமலா?' என்று கேள்வி. பூஞ்சை சோதிக்கிற ஏதோ நிறுவனமாம். நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

குளிர் தொடங்கியபோது படுக்கையறையில் ஒரு வாசனை. அலமாரியை நகர்த்தி மோந்தேன். இருமல் வந்தது. சுவர்த்தாளைக் கிழித்தால் உள்ளே நல்ல உலர்ந்த பலகை. அப்படியானால் இன்னும் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆக்னேத்தே வேலியில் 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டினாள். அடுத்தடுத்த வேலிகளிலும் பலகைகள். ஊர் வீடுகளிலெல்லாம் பூஞ்சை பூத்துவிட்டது என்று பயந்துபோனேன். அறிவு கெட்டுப்போய் தம்பிக்கே போன் செய்தேன்.

"வீடு சரியில்லைடா. வித்துடலாம்."

"நீ சொன்னாச் சரிக்கா," என்றான், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

சனிக்கிழமை ஒரு தரகரம்மாவோடு வந்து இறங்கினான். அந்தம்மா பலகைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தீவே விலைக்கு வந்திருக்கு. இதை யாரு வாங்குவாங்க?"

வேலிக்கு மேலாக ஆக்னேத்தே என்னை எட்டிப் பார்த்தாள். "என்னமோ போ, சிஸெல். படகு நேரம் பாக்கறப்பதான் எனக்கு இருமலே வருது."

எனக்குச் சுரீரென்றது.

"டேய், அந்தப் பெட்டி உன் வேலையா?"

அவன் செருப்பைப் பார்த்தான். "உனக்கு மட்டும்தான்க்கா காட்டணும்னு நெனச்சேன். ஒரே ஒரு ஆளுக்குக் காட்ட எங்க கருவி விடாது. கொஞ்சம் கூட்டம் வேணுங்கும். அதான் தீவு முழுக்க..."

"ஒருத்தியைக் கவுக்க ஊரையே இரும வச்சிருக்கே. உன் சொத்து விலையையும் நீயே கவுத்தாச்சு. இதுக்குத்தான் சம்பளமா? தூ!"

தரகரம்மா துறைப்பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. மோந்து பார்த்தேன், என் வீட்டில் காபி வாசனைதான் இருந்தது.

"விக்கிற பேச்சே இல்லை. உள்ள வந்து காபி குடிச்சிட்டுத் தொலை."

அவன் நிலைப்படியைத் தாண்டவில்லை. மூக்கைச் சுளித்தான். "அக்கா, நெசமாவே ஏதோ வாசனை வருதே?"

"நீயா சொல்றே?"

"பெட்டி சரியா நிக்குதான்னு தினம் அந்தப் பக்கத்தைத் திறந்து பாக்குறேன். அது... சே, அதனால இல்லக்கா. இது வேற. நெஞ்சே கரகரங்குது. இந்த வீடு எனக்கு வேணாம், என் பாதியையும் நீயே வச்சுக்க."

"வக்கீல்கிட்ட வந்து சொல்லுவியா?"

"இப்பவே வேணாலும் சொல்றேன். முதல்ல அடுத்த படகு எப்பன்னு பாக்கறேன்."

கைபேசியைத் திறந்தான். திறந்ததுமே இருமினான்.