கூட்டி எழுதிய சம்பளம்

திங்கட்கிழமை காலை, பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சின்னவளின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவளுடைய உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாம். காரணம், குடும்ப வருமானம் வரம்புக்கு மேல். படித்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பணக்காரி என்று இதுவரை அவளை யாரும் கேலிக்குக்கூடச் சொன்னதில்லை. ஒரு பல்கலைக்கழகமே கூடி முடிவெடுத்துச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தச் சிரிப்பு அடுத்த அலமாரிவரைகூடத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கட்டணம் வந்து சேராவிட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் தேர்வு போச்சு, தேர்வு போனால் இரண்டாம் வருடமே போச்சு.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் அவள் சின்னவள். அக்கா கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரி மெஷினில் விட்டு, மறுபக்கம் சூடாக வருவதை மடிப்புக் கலையாமல் எடுத்து அடுக்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மெஷின். முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்புகளை எண்ணி மாளாது.

சின்னவளின் படிப்பு மூன்று கால் முக்காலி. காலையில் நூலகத்தில் பார்க்கும் மூன்று மணி நேர வேலை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். மாதம் ஒன்றாம் தேதி அப்பா அனுப்பும் ஐயாயிரம் அறை வாடகைக்கு. கல்விக் கட்டணம் என்ற பெரிய மலையை உதவித்தொகை தாங்கிக்கொள்ளும். முதல் வருடம் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுத்தார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து குடும்ப வருமானமும் பார்ப்பார்கள். மாதம் இருபத்தைந்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும்.

அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் காலத்திலும் அவர் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. வீட்டிலிருக்கும் பழைய குளிர்சாதனப்பெட்டியையும் மேலாளர் திட்டியதையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், சம்பளம் என்ற சொல் வந்தால் மட்டும் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவார். ஆனாலும் இருபத்தைந்தைத் தாண்டாது என்று அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? வருமானப் படிவத்தைப் பெற்றோர் தங்கள் கையால் நிரப்பி, உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும், மாணவர் பிரிக்கக் கூடாது என்பது விதி. அவளும் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். நாணயம் என்றால் அப்படி ஒரு நாணயம்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உதவித்தொகை அலுவலகத்தின் நான்காம் கவுண்டருக்கு ஓடினாள். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாளை மாணவர்கள் 'நாளைக்கு மேடம்' என்பார்கள். எதைக் கொண்டுபோனாலும் அதில் ஒரு கையெழுத்தோ ஒரு தாளோ குறையும், "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சொல்வார், கண்ணாடி வழியாக மனிதர்களைப் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

சின்னவள் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். அந்த அம்மாள் திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டார். உறையில் இருப்பது உன் அப்பா எங்களிடம் சொன்னது, உன்னிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை என்றார். நிரப்பியவரே சம்பளச் சீட்டோடு நேரில் வந்தால்தான் திருத்த முடியும். வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்.

திரும்பும்போது அறிவிப்புப் பலகையில் விதிகள் ஒட்டியிருந்தன. ஒன்பதாவது விதியை அவள் இரண்டு தடவை படித்தாள். பொய்த் தகவல் கொடுத்தவருக்குப் படிப்பு முடியும்வரை எந்த உதவியும் கிடையாது. அப்பா ஏதாவது எக்குத்தப்பாக எழுதித் தொலைத்திருந்தால்?

சலவைக்கூடத்தில் மெஷின்கள் நிற்கும் மதிய இடைவேளை பார்த்து, மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் கூட்டித்தானே போட்டேன்?" என்றார் அப்பா.

"என்னத்தக் கூட்டிப் போட்டீங்க?"

"சம்பளத்தத்தான். நாப்பதுன்னு போட்டேன். அதுவே பத்தலையாமா அவங்களுக்கு?" குரலில் நிஜமான கவலை. "வேணும்னா அம்பதுன்னு மாத்திக் குடுக்கட்டுமா?"

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள். படியேறி வந்த ஒரு மாணவன் ஒதுங்கிப் போனான்.

அப்பாவின் நியாயமும் நியாயம்தான். அவர் வாழ்க்கையில் வருமானம் கேட்ட தாள் எதுவும் நல்லதற்குக் கேட்டதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது கேட்டார்கள், சொன்னார், கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில் கூட்டிச் சொன்னார், சாவியைக் கொடுத்தார்கள். தவணையில் குளிர்சாதனப்பெட்டி வாங்கும்போதும் அதே கதை. இப்படி ஆயுள் முழுக்கப் பாடம் படித்தவர், மகளுடைய படிவத்தில் 'மாத வருமானம்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் என்ன நினைப்பார்? குறைத்து எழுதினால், கட்ட வக்கில்லாத வீட்டுப் பிள்ளை என்று வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைப்பார். அதனால் ஒரு வாரம் யோசித்து, பென்சிலால் எழுதிப் பார்த்து, பிறகு பேனாவால் நாற்பதாயிரம் என்று போட்டு ஒட்டியிருக்கிறார்.

அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவருக்கு விளங்க நேரம் பிடித்தது.

"அப்ப, கம்மியா இருந்தாத்தான் குடுப்பாங்களா?"

"ஆமாப்பா."

"அப்படி ஒரு படிவம் இருக்குன்னு யாரும் எங்கிட்ட சொல்லலியே, கண்ணு."

சம்பளச் சீட்டு வாங்குவதற்கே மூன்று நாள் இழுத்தடித்தார்கள். வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, அரை நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு அப்பா வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கத்திபோல் மடிப்பு. கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். உதவி கேட்க வந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், புதுக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தார். சின்னவளுக்குப் பகீரென்றது. கொஞ்சம் கசங்கிய சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததற்கு உடனே வெட்கமும் பட்டாள்.

கவுண்டர் அம்மாள் இருவரையும் பக்கக் கதவு வழியாக உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். படிவத்தை எடுத்து வைத்து, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். ஆமாம் என்றார் அப்பா. சம்பளச் சீட்டு நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கப் போன கை பாதி வழியில் நின்றது. "அது வந்துங்க மேடம்…" என்று ஆரம்பித்தவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்துவிட்டன.

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை அப்பாவைப் பார்த்தார், ஒரு தடவை மகளைப் பார்த்தார்.

"உன் மாணவர் அட்டைக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்மா. பக்கத்துக் கட்டடம், கீழ்த்தளம். போய் எடுத்துட்டு வந்துடு."

சின்னவளுக்கு வந்தது பாருங்கள் கோபம். ஆரம்பித்துவிட்டார், ஒரு தாள் குறையாமல் இவருக்கு ஒரு நாளும் விடியாது என்று மனதுக்குள் பொரிந்துகொண்டே படியிறங்கினாள். ஜெராக்ஸ் கடையில் ஏழு பேர் நின்றார்கள். ஒருவன் முந்நூறு பக்க ஆய்வேட்டோடு நின்றான். அவனிடம் மன்றாடி முன்னால் போய், ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பியபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது.

பக்கக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். கவுண்டர் அம்மாளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஆள் இடுப்பு உயரத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் நின்றிருந்தது. பழுதும் இல்லை. வேறொரு ஊழியர் அதில் சாவகாசமாகத் தாள்களை எடுத்துக்கொண்டிருந்தார். போகிற அவசரத்தில் அது அவள் கண்ணில் படவே இல்லை.

மேசைமேல் சம்பளச் சீட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அப்பாவுக்கு முன்னால் ஒரு காலித் தண்ணீர்க் குவளை. அவர் முகத்திலிருந்த இறுக்கம் விட்டுப்போயிருந்தது, சட்டைக் கையைக்கூட ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தார். அந்த அம்மாள் அவளிடமிருந்து பிரதியை வாங்கி, பார்க்காமலே ஒரு தட்டில் போட்டார். மகளுக்கு முன்னால் சொல்லக் கூச்சப்பட்ட ஒரு எண்ணை ஒரு மனிதர் சொல்லி முடிப்பதற்காகத்தான் அந்த இருபது நிமிடம் என்று சின்னவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளாகத் தானும் சேர்ந்து அந்த அம்மாளைக் கேலி பேசியதை நினைத்துக் கூசிப்போனாள்.

இன்னும் அதிகாரியின் கையெழுத்து பாக்கி இருந்தது. அந்த அம்மாள் கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அதிகாரியின் குரல் உயர்ந்தது, "பொய்த் தகவல்" என்ற வார்த்தை தெளிவாகக் கேட்டது. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பிறகு அந்த அம்மாளின் குரல், என்ன சொல்கிறார் என்று பிடிபடாத தணிந்த குரல், நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் முத்திரை விழும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவர், ஆச்சு என்றார். கட்டணம் முழுவதும் உதவித்தொகையில் போய்விடும், இவள் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. மாணவருக்கான பிரதியை நீட்டினார். சின்னவள் எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள் கவுண்டரில் வரிசை கத்த ஆரம்பித்துவிட்டது, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சின்னவள் பிரதியைப் பிரித்துப் பார்த்தாள். அதில் வருமானம் இல்லை, திருத்தத்துக்கான காரணம் மட்டும் இருந்தது. உருண்டை உருண்டையான கையெழுத்து.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார் அப்பா. "பொய் சொன்னேன்னா?"

அவள் சத்தமாகப் படித்தாள். "வருமானம் அதிகமாக இருக்க வேண்டுமா, குறைவாக இருக்க வேண்டுமா என்பது எங்கள் படிவத்தில் சொல்லப்படவில்லை. தவறு அலுவலகத்துடையது."

அப்பா தாளை வாங்கி எழுத்துக் கூட்டாத குறையாக இன்னொரு தடவை படித்தார். பிறகு விறுவிறுவென்று மறுபடி படியேறினார், இவளும் பின்னால் ஓடினாள். நான்காம் கவுண்டரில் இருபது பேர் நின்றார்கள். அப்பா வரிசைக்குப் பின்னால் நின்று, அந்த அம்மாள் நிமிரும்வரை காத்திருந்து, நெஞ்சில் கை வைத்துத் தலையை அசைத்தார். இந்தத் தடவை அந்த அம்மாள் கண்ணாடி வழியாகவே பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுபடி கீழே இறங்கும்போது, கடைசிப் படிக்கு முந்தின படியில் அப்பா நின்றார்.

"பத்தொன்பதாயிரத்து நானூறு" என்றார். யாரும் கேட்கவில்லை. "அதுதான் என் சம்பளம். ஓவர்டைம் பார்த்தா கொஞ்சம் கூட வரும்."

சின்னவளுக்குக் கணக்குப் போடாமல் இருக்கத் தெரியாது, உடனே போட்டாள். அதில் அவளுக்கு மாதம் ஐயாயிரம். போன வருடம் மடிக்கணினி இல்லாமல் முடியாது என்று கேட்டாள், பத்தே நாளில் வந்தது. நண்பர்கள் எல்லாரும் போகிறார்கள் என்று சுற்றுலாவுக்குக் கேட்டாள், அதுவும் வந்தது. பத்தொன்பதில் எத்தனை ஐந்து போகும், மிச்சத்தில் அந்த மனிதர் என்ன சாப்பிட்டிருப்பார்? பஸ் நடத்துநர் முதல் கவுண்டர்காரர்வரை யார் யாருக்கோ நன்றி சொல்லியிருக்கிறாள். வீட்டு மனிதரிடம் அந்தச் சொல்லைச் சொல்லும் வழக்கம் யாருக்கு இருக்கிறது?

"ரொம்ப நன்றிப்பா" என்றாள்.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன கண்ணு, யாரோ வெளியாள்கிட்ட பேசற மாதிரி."

"இருக்கட்டும்ப்பா. இன்னொரு தடவை சொல்லிக்கறேன்."