கத்தாத வலி

"ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலிக்குது?" என்று நர்ஸ் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, அக்கா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கத்தினாள். "முதல்ல அந்த ட்யூப்லைட்ட அணைங்க!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ட்யூப்லைட் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அக்கா மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறாள். ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பிரித்துப் பார்த்தால் அதுதான் போயிருக்கும். சட்டைக் காலரில் தைத்திருக்கும் துணிப்பட்டை உரசினால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் ஏழு வயதில் கை எலும்பு முறிந்து, இரண்டு நாள் அந்தக் கையோடு பள்ளிக்கூடம் போய்வந்தாள். "வலிச்சா அழுதிருக்க மாட்டியா?" என்று அப்பா திட்டினார். அவள் சொல்லத்தான் செய்தாள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கை சரியில்ல" என்று, இரண்டு முறை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கும் அது காதில் விழுந்தது. அவளுக்கு ஆட்டிசம் என்று முப்பத்தொரு வயதில்தான் தெரிந்தது. வீட்டில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தோம். அவள் மட்டும், "அப்ப நான் பொய் சொல்லலன்னு ஆயிடுச்சு" என்றாள்.

டாக்டருக்கு என் வயதுகூட இருக்காது. அவர் விரல் வயிற்றில் லேசாகப் பட்டதும் அக்கா துள்ளி விலகினாள். அழுத்திப் பார்த்தபோதோ முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"வெறும் கேஸ் ட்ரபிள்தான். மாத்திரை எழுதறேன்" என்றவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சும்மா விரல் பட்டதுக்கே இந்தக் குதி குதிக்கிறாங்க. நிஜமா வலிச்சா ஊரையே கூட்டியிருக்க மாட்டாங்களா?"

நானும் சிரித்துத் தொலைத்தேன். "வாக்கா, போகலாம்."

அக்கா அசையவில்லை. மாத்திரைச் சீட்டை மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"என்கிட்ட பேசுங்க டாக்டர். வயிறு என்னோடது. முந்தாநேத்து தொப்புள்கிட்ட ஆரம்பிச்சுது. நேத்து மத்தியானம் வலப்பக்கம் கீழ இறங்குச்சு. நடந்தா உள்ள அதிருது. ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல. வலிய மூஞ்சில காட்ட எனக்கு வராது. வாயால சொல்ல வரும், சொல்லிட்டேன். ஸ்கேன் எடுங்க."

"வெளிய இன்னும் நாப்பது பேர் நிக்கிறாங்கம்மா."

"நானும் அப்படி நின்னுதான் உள்ள வந்தேன். எடுக்காம எந்திரிக்க மாட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கடைகளில், பேருந்தில், சொந்தக்காரர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். கூட்டிக்கொண்டு போய்விடு என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர்" என்றேன்.

ஸ்கேனில் குடல்வால் வீங்கி, வெடிக்கிற நிலையில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

நான்காம் நாள் காலையில், வீட்டுக்கு அனுப்பும் சீட்டோடு டாக்டரே கட்டிலருகே வந்தார். "கொஞ்சம் அழுதிருந்தீங்கன்னா உடனே புரிஞ்சிருக்கும்" என்றார். கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற குரல். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா முந்திக்கொண்டாள். "நம்பியிருந்தாலும் புரிஞ்சிருக்கும்."

அவர் கையிலிருந்த சீட்டைப் புரட்டினார்.

"அந்தச் சீட்டுல எழுதுங்க. இவங்க வலிய மூஞ்சில தேடாதீங்க, சொன்னா நம்புங்கன்னு. அடுத்து பாக்குற டாக்டருக்குத் தெரியணும்."

"இதுல அப்படியெல்லாம் எழுதற வழக்கம் இல்லம்மா."

"நீங்க ஆரம்பிச்சு வைங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார். அதன் முனை காகிதத்தைத் தொடாமல் மேலேயே நின்றது. அக்கா தையல் போட்ட இடத்தை ஒரு கையால் தாங்கியபடி மெல்ல எழுந்து, மறு கையைச் சீட்டுக்காக நீட்டிக்கொண்டு அவர் எதிரே நின்றாள்.