சந்தனம் வைத்த சக்கரம்

"இவன் குடிச்சிருக்கான் ஆச்சி! ரோடு நேரா கெடக்கு, கார் பாம்பு மாதிரி போகுது!"

புதுக்கோட்டையில் சூசைராஜின் ஒர்க் ஷாப் வாசலில் இறங்கியதுமே முத்துராமன் தன் அக்காள் சிவகாமி ஆச்சியிடம் இரைந்தார். மறுநாள் திருச்சியில் கல்யாணம். திருமயத்திலிருந்து கிளம்பிய கார், நமணசமுத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தை உரசிவிட்டு வந்திருந்தது.

டிரைவர் ஆண்டியப்பனை ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினான். வெற்றிலை மணம்தான் வந்தது.

"அதை மறைக்கத்தான் வெத்தலை!" என்றார் முத்துராமன்.

ஆண்டியப்பன் இன்னொரு தரம் ஊதிக் காட்டினான். மதுவிலக்குக் கேஸ் என்றால் லைசென்ஸ் போய்விடும். அப்புறம் எந்த வீட்டிலும் கார்ச் சாவியை நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

சூசைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஆச்சி, நீங்க டிரைவர் சீட்டுல ஏறுங்க."

"நானா?"

"வண்டி ஓடாதுங்க. ஸ்டியரிங்கை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுங்க, போதும்."

ஆச்சி ஏறி உட்கார்ந்து ஆட்டினாள். சூசைராஜ் முன்சக்கரத்துக்கு அருகே குந்தினார்.

"ஆட்டுறீங்களா?"

"ஆட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"சக்கரம் அசையலையே!"

ஒரு சாண் தூரம் திருப்பிய பிறகுதான் டயர் மெல்லத் திரும்பியது. சூசைராஜ் முத்துராமனை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஆச்சியும் குடிச்சிருக்காகளா?"

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பிக்கு வரவில்லை.

சூசைராஜ் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். டயரின் மேலும் கீழும் கை கொடுத்து உலுக்கினார். 'டொக் டொக்'கென்று சத்தம் வந்தது.

"சக்கரம் திரும்புற கிங் பின் தேஞ்சு போச்சு. ஸ்டியரிங் ராடு மூட்டும் காலி. ஏன்யா, கிரீஸே அடிக்கிறதில்லையா?"

"மாசம் தவறாம அடிக்கிறேண்ணே!"

சூசைராஜ் கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துணியால் துடைத்தார். துவாரம் கல்லாக அடைத்திருந்தது. ஊசியால் குத்தினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்! அடிச்ச கிரீஸெல்லாம் வெளியிலதான் வழிஞ்சிருக்கு. எந்தப் புண்ணியவான் வச்சது?"

குடிக்கவில்லை என்பது ருசுவாகிவிட்டது. பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். ஆண்டியப்பன் தரையைப் பார்த்தான்.

"நான்தாங்க. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் வச்சேன்."

"கேட்டீகளா? குடிச்சிருந்தாக்கூடத் தேவலை! இன்னைக்கே சீட்டைக் கிழிங்க!" என்றார் முத்துராமன்.

ஆச்சி காரிலிருந்து இறங்கினாள். "மூட்டு மூட்டா வையி, ஒண்ணு விடாதேன்னு பக்கத்துல நின்னு சொன்னது நானு. என் சீட்டை யாரு கிழிக்கிறது?"

முத்துராமன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

சாமான் திருச்சியிலிருந்து வரவேண்டும். காரை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஆச்சியின் பெட்டி ஆண்டியப்பன் தோளில் இருந்தது.

திருச்சி பஸ் புறப்படத் தயாராக நின்றது. படியில் கால் வைத்த ஆச்சி காலை எடுத்துவிட்டாள்.

"ஆண்டியப்பா, அந்த டிரைவரைக் கேட்டுட்டு வா. ஆயுத பூசைக்கு அவரு எங்கெங்க பொட்டு வைக்கிறாராம்?"