கூடுதலாக ஒரு சொல்

1976 செப்டம்பர் 10, வெள்ளி. நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். அப்பா இறந்ததை முதலிலும், தலைவர் மறைந்ததை அதற்குக் கீழேயும் எழுதினேன். செய்திகள் எனக்கு வந்து சேர்ந்த வரிசை அது. நடந்த வரிசைப்படி பார்த்தாலும் தலைவர்தான் முந்தியவர். இனிக் கவனமாக இருப்பேன்.

மை காயும்வரை ஊதிவிட்டு, ஷூயின் நோட்டை மேசையின் மறுபக்கம் தள்ளினாள்.

நூற்பாலையின் மாலை வகுப்பில் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும், எழுதியதைக் காட்ட வேண்டும். ஆலையின் பிரச்சாரப் பிரிவுக்குப் பொறுப்பாளரான நியேதான் வகுப்பையும் நடத்தினார். மற்றவர்கள் போன பிறகும் அவளை மட்டும் உட்கார வைத்திருந்தார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார் நியே. குரல் தாழ்ந்திருந்தது. "நேத்து எழுதினத வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல தோழர்."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க."

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கேன்."

நியே கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "உங்கள யாரு நம்பர் போடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. போடாமல் இருக்க அவளால் முடிந்ததில்லை.

அப்பா நேற்று விடியும்போது இறந்தார். ஆலையின் கொதிகலனில் கரி அள்ளிப் போட்டு நுரையீரல் கரைந்துபோன மனிதர். குடியிருப்பு முழுவதற்கும் வெந்நீர் கொடுத்த சன்னலும் அவருடையதுதான். பிளாஸ்க்குக்கு மூடி இல்லாமல் வருகிறவர்களை, "தலையில்லாதவனுக்கு எதுக்குய்யா வெந்நீர்?" என்று திருப்பி அனுப்புவார். அம்மா போன பிறகு அந்த ஒற்றை அறையில் அவரும் ஷூயினும்தான். தம்பி லியாங்கை ஏழு வருடத்துக்கு முன்னால் அரசாங்க உத்தரவில் மலைக்கு அனுப்பியிருந்தார்கள், மற்ற பள்ளிப் பிள்ளைகளோடு. அவன் அங்கே தேயிலைக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஷூயின் அப்பாவின் பழைய கோட்டின் உள்துணியில் கறுப்புப் பட்டி வெட்டி, சட்டைக் கையில் தைத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனாள். தந்தி வாங்கிய பெண், "கம்யூன் ஆபீஸ் வரைக்கும் போயிரும். அங்கேருந்து அவன் இருக்கிற இடம் அரைநாள் நடை. வழக்கமா ஒலிபெருக்கியில பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க, கவலப்படாத" என்றாள். மலையில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கம்பி இழுத்து ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

அன்று நான்கு மணிக்கு முக்கியச் செய்தி என்று எல்லோரையும் ஆலை முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற நூல் சுற்றும் ஃபாங், "என்னடி கையில கறுப்பு?" என்றாள். பதில் சொல்லுமுன் துக்க இசை தொடங்கிவிட்டது; நாட்டின் தலைவர் நள்ளிரவில் மறைந்துவிட்டார் என்றது ஒலிபெருக்கி. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போது அழுதாள். முற்றம் முழுவதும் அழுதது. அவள் குரல் அதற்கு மேலே கேட்டது. பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலையும்போது ஃபாங் அவளைச் சுவரோரம் இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. "செய்தி வர்றதுக்கு முன்னாடியே உனக்கு எப்படிடி தெரியும்?"

"எங்க அப்பாவுக்குக் கட்டினது. காலையில போயிட்டாரு."

"அப்பாவா!" என்று மூச்சுவிட்டாள் ஃபாங், நிம்மதியாக. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோயிருந்தது. ஆலையில் பட்டி இல்லாத கையே இல்லை. அவளுடையதைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

வகுப்பறையில் நியே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நாளைக்குக் காலையில மாவட்ட நிலையம் நம்ம ஒலிபரப்பறையிலேருந்து நேரா எடுக்குது. ஆலை சார்பா ஒரு தொழிலாளி பேசணும். நேத்து நீங்க அழுததப் பாத்தவங்க எல்லாரும் உங்க பேரத்தான் சொன்னாங்க."

"மலையில கேக்குமா தோழர்?"

"மாவட்டத்துல கம்பி போற இடமெல்லாம் கேக்கும்."

அவள் தாளைப் படித்தாள். நான் நூற்பாலை மூன்றாம் பிரிவுத் தொழிலாளி குவான் ஷூயின். கொதிகலன் தொழிலாளி குவான் பெங்ஹாயின் மகள். அதன் பிறகு முழுவதும் தலைவரைப் பற்றி இருந்தது.

"தோழர், தந்தி கம்யூன்லயே கிடக்குதுன்னு தபாலாபீஸ்ல சொன்னாங்க. ஒலிபெருக்கியில இப்ப யார் பேரையும் கூப்பிடறதில்லயாம். ஒலிபரப்பறை தாங் அக்கா போன் போட்டுப் பாத்தாங்க, சொந்த விஷயத்துக்கு லைன் கிடையாதுன்னுட்டாங்க. தம்பிக்கு இன்னும் தெரியாது. இந்த இடத்துல மட்டும்…" விரல் அப்பாவின் பெயர் மேல் இருந்தது. "'காலமான'ன்னு ஒரு சொல்லு."

நியே வாசல் கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இந்த வாரம் ஒரே ஒரு சாவுதான் தோழர்" என்றார். "உங்களுக்கும் அப்படித்தான். எனக்கும் அப்படித்தான். தாள்ல நான் கையெழுத்துப் போட்டாச்சு."

வீட்டில் பக்கத்து அறை யூ அத்தை அப்பாவுக்கு அருகில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். இந்த வெக்கையில் நாளை மாலைக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றாள். ஷூயின் தாளை எட்டு முறை வாசித்துப் பார்த்தாள். எட்டு முறையும் எழுதியிருந்தபடியே வாசித்தாள்.

காலையில் ஒலிபரப்பறையில் தாங் அக்கா மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆலையில் விடியல் அவள் குரலில்தான் தொடங்கும். இரண்டு நாளாக இசைத்தட்டு மட்டும்தான்.

"இந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சா நீ விடற மூச்சுகூட மலைக்குப் போயிரும். தும்மல் வந்தா இப்பவே தும்மிக்க."

"எனக்கு வாசிக்கத் தெரியுமான்னே சந்தேகமா இருக்கு அக்கா."

"அதெல்லாம் வாசிப்ப. உங்க அப்பா சொல்லுவாரே, ஒலிபெருக்கிப் பொட்டி பேசறப்ப நான் ஏன் பேசணும்னு." தாங் அக்கா துணியை மடித்து வைத்தாள். "மனுசன் என்கிட்ட மட்டும் பேசுவாரு. 'தங்கச்சி, இன்னைக்குத் தொண்ட கட்டியிருக்கே'ம்பாரு. ஒரு குவளை வெந்நீர் அதிகமா ஊத்துவாரு."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நியே உட்கார்ந்திருந்தார். கையில் தாளின் நகலும் பென்சிலும். விளக்கு எரிந்தது.

"நான் நூற்பாலை மூன்றாம் பிரிவுத் தொழிலாளி குவான் ஷூயின்."

வெளியே முற்றத்து ஒலிபெருக்கியில் அவள் குரல் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தது. யாரோ ஒருத்தியின் குரல். அந்த யாரோ ஒருத்திதான் இப்போது மலைச்சுவர்களில் எல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். லியாங் கையிலிருந்த மண்வெட்டியை நிறுத்தியிருப்பானா? அக்காவின் பெயர் என்று தெரிந்திருக்குமா? நியேயின் பென்சில் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வந்துகொண்டிருந்தது.

"கொதிகலன் தொழிலாளி, காலமான குவான் பெங்ஹாயின் மகள்."

பென்சில் நின்றது.

தாங் அக்காவின் கை நிறுத்து விசைக்கு மேலே போய், அங்கேயே இருந்தது. நியே தலையைத் தூக்கவில்லை. ஷூயினுக்கு அடுத்த வரி கண்ணில் படவில்லை. எழுத்துகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கம்பிகள் வழியாக மாவட்டம் முழுவதற்கும் அவளுடைய மூச்சு போய்க்கொண்டிருந்தது. பிறகு பென்சில் அடுத்த வரிக்கு இறங்கியது. அதைப் பார்த்து அவளும் இறங்கினாள். கடைசி வரை ஒரு சொல் பிசகாமல் வாசித்தாள்.

விளக்கு அணைந்த பிறகு நியே உள்ளே வந்தார். காதோரம் வியர்வை வழிந்திருந்தது.

"ஒரு சொல்லு கூடுதலா இருந்துச்சு."

"ஆமா தோழர். தப்பு."

"மாவட்டத்துலேருந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

தாங் அக்கா இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து, இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"வாசிச்சுப் பழக்கமில்லாத பொண்ணுன்னு சொல்றேன்" என்றார் நியே. தாளை நான்காக மடித்தார். "பிழைய நோட்டுல எழுதிருங்க." வாசல் வரை போய்த் திரும்பி, "அந்தப் பக்கத்துக்கும் நம்பர் போடுங்க" என்றார். கேலியா, கண்டிப்பா என்று அவளுக்குப் புரியவில்லை.

மாலையில் கொதிகலன் ஆட்கள் இருவர் கரி வண்டியைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். யூ அத்தை வெள்ளைக் காகிதப்பூ ஒன்றைத் தலைமாட்டில் வைத்தாள்; தலைவருக்காக ஆலையில் எல்லோரும் செய்த பூக்களில் ஒன்று. தெருவில் கம்பத்துக்குக் கம்பம் துக்க இசை ஒலித்துக்கொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் தலை குனிந்து நின்றார்கள், இசைக்காக.

"பெங்ஹாய் அண்ணனுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றார் வண்டியை இழுத்த கிழவர் மா. "ஊர்ல எவனுக்கும் இவ்வளவு பெரிய மேளம் வெச்சதில்ல." சொல்லிவிட்டு மறுகையால் மூக்கைச் சிந்தினார்.

எரியூட்டும் இடத்தில் சாம்பலை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது அறையில் இரண்டு பிளாஸ்க்குகளும் காலியாக இருந்தன. கொதிகலன் சன்னலுக்குப் போனாள். புதிய ஆள் எதுவும் சொல்லாமல் ஊற்றினான். ஒன்றுக்கு மூடி கொண்டுவர மறந்திருந்தாள். அவன் அதையும் நிரப்பித் தந்தான். ஆவி முகத்தில் பட நடந்து வந்து, மேசையில் வைத்துவிட்டு, நோட்டைத் திறந்தாள்.

செப்டம்பர் 11, சனி. ஒலிபரப்பில் ஒரு சொல்லைக் கூடுதலாக வாசித்துவிட்டேன். வெந்நீருக்கு மூடி எடுத்துப்போக மறந்தேன். மலையில் கேட்டதா என்று தெரியவில்லை. நாளை அப்பாவின் சாம்பலை வாங்க வேண்டும். மலையிலிருந்து பேருந்து பதினொரு மணிக்கு வரும். முதலில் பேருந்து நிலையம்.