வெடிக்காத பென் டிரைவ்

பானுப்பிரியா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கிடைத்த பழைய லேப்டாப் அது. விண்டோஸ் வைரஸ் பிடித்துச் செத்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்றாவது முறையாக, விண்டோஸுக்குப் பதிலாகப் போட இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். நாளைக் காலையில், சிவகாசியில் அச்சகம் நடத்தும் யோகேஸ்வரி அம்மாவிடம் கல்யாணப் பத்திரிகை டிசைன் ஒன்றைக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வேலை நிச்சயம். வேலை கிடைத்தால், அவள் கணவன் செல்வக்குமார் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பதை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். தீபாவளி சீசன் வந்தால் அந்த வாக்கு நிற்குமா என்று அவளுக்கு உள்ளூரச் சந்தேகம்தான்.

மூன்றாவது முறையும் அதே கதை. லினக்ஸ் பெயர் வந்தது. அடுத்த நொடி திரை கறுத்தது. சத்தம் இல்லை, அசைவு இல்லை. பட்டென்று லேப்டாப்பை அணைத்துவிட்டு, சாத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கொழுந்தன் கதிரவனுக்குப் போன் போட்டாள்.

"கறுத்த பெறவு எம்புட்டு நேரம் பாத்தீக மதினி?"

"பாக்குறதா? ஒடனே அமத்திட்டேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

கதிரவன் சிரிப்பை அடக்குவது போனிலேயே தெரிந்தது. "பென் டிரைவ்ல குட்டி லைட் மினுக்குச்சுன்னா உள்ள வேலை ஓடுதுன்னு அர்த்தம். பழைய மெசினு, மெல்லத்தான் வரும். தொடாம இருங்க."

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பக்கத்தில் திரி பற்றியபின் சத்தம் வராத வெடியை யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு விலகிவிடுவார்கள். அவள் அப்பா முனியசாமி ஒருமுறை குனிந்து பார்த்தார். இப்போது அவர் இடது கையில் இரண்டே விரல்கள்.

மறுபடி லேப்டாப்பைப் போட்டாள். திரை கறுத்தது. லைட் மினுக்கியது.

குளிக்கத் தண்ணீர் எடுத்துப்போன செல்வக்குமார் வாளியோடு வாசலில் நின்றுவிட்டான். "பானு, கறுத்துருச்சு. எந்திரிச்சு இங்கன வா."

"வெடி இல்லங்க இது."

அவன் வாளியைக் கீழே வைக்கவில்லை.

அவள் விரலும் பட்டனுக்குப் போனது. பயமாகத்தான் இருந்தது. காத்திருப்பது அவளுக்குப் புதிதா என்ன? கம்பெனிப் பக்கம் சத்தம் கேட்டால், அவன் போனை எடுக்கும்வரை காத்திருந்து பழகியவள். நல்லது ஒன்று வருமென்று காத்திருந்துதான் பழக்கமில்லை. விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரை வெளுத்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்துருச்சே," என்றான் செல்வக்குமார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒனக்கு வேலை கெடச்சாலும், இந்த சீசன் மட்டும் முடியட்டும்னு பாக்கேன்."

"லேப்டாப்புக்குத்தாங்க நான் பொறுத்தது. ஒங்க சீசனுக்குப் பொறுக்க மாட்டேன்."

அவன் பேசவில்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தையும் அவள் தொடாமல் இருந்தாள்.

செல்வக்குமார் வாளியைக் கீழே வைத்தான். "சரி. ஒனக்கு வேலை ஆன அன்னைக்கே நின்னுக்கிறேன்."